சுனாமியைத் தடுத்த ஜப்பானியக் கிராமத் தலைவர்: அந்த ஃபார்வர்டு கதையில் எது உண்மை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "ஜப்பானில் ஒரு மேயர் ஊர்ப் பணத்தையெல்லாம் போட்டு ராட்சதச் சுவர் கட்டினாராம். ஊரே அவரைப் பார்த்துச் சிரித்ததாம். அவர் இறந்த பிறகு சுனாமி வந்தபோது அந்தச் சுவர்தான் ஊரைக் காப்பாற்றியதாம். வாட்ஸ்ஆப்பில் வந்தது. உண்மையா? அப்படியே இருந்தாலும், ஒரு சின்ன ஊர் மேயர் தன் இஷ்டத்துக்கு இப்படிச் செய்ய முடியுமா?" முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஆள் உண்மை, கட்டுமானம் உண்மை, ஊர் பிழைத்ததும் உண்மை, ஊர்ப் பணம் என்பது தப்பு, ஊரே சிரித்தது என்பது சந்தேகம். நீங்கள் நிஜமாகக் கேட்பது இரண்டாவது பாதியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பாசனத் துறையில் பொறியாளராக இருபத்தைந்து வருடம் மதகுகளோடும் ஷட்டர்களோடும் வாழ்ந்தவன். நடுவில் இரண்டு வருடம் ஜப்பானில் ஆற்றுப் பொறியியல் படித்தேன். அங்கே ஒரு ஷட்டர் கட்ட வேண்டுமென்றால் யாரிடம் போய் நிற்க வேண்டும், காசு எந்த வாசல் வழியாக வரும் என்பதெல்லாம் பாடத்திலேயே வந்தது. அதனால் கட்டுமானத்தைப் பற்றியும் அதற்குப் பின்னால் இருந்த நிர்வாகத்தைப் பற்றியும் தைரியமாகப் பேசுவேன். அந்த ஊர் மக்கள் மனதில் என்ன நினைத்தார்கள், எந்தத் தேர்தலில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் என் எல்லைக்கு வெளியே.

ஊரின் பெயர் ஃபுடாய். வடகிழக்கு ஜப்பானில் இவாத்தே மாகாணத்தில், சான்ரிக்கு என்று சொல்கிற கடற்கரையில் இருக்கிறது. மலை நேராகக் கடலில் வந்து இறங்கும் கரை அது. நடுநடுவே சின்னச் சின்னப் பள்ளத்தாக்குகள், அவற்றில் மட்டும் ஊர்கள். ஃபுடாயில் 2011 வாக்கில் சுமார் மூவாயிரம் பேர் இருந்தார்கள். கடற்பாசியும் மீனும்தான் பிழைப்பு. தலைவரின் பெயர் கோத்தோகு வாமுரா. 1909இல் பிறந்தவர். 1947 முதல் 1987 வரை, பத்துத் தேர்தல்களில் ஜெயித்து, நாற்பது வருடம் அந்த ஊரின் தலைவர். 1997இல் இறந்தார். சரியாகச் சொன்னால் அவர் 'மேயர்' கூட இல்லை. நகரத்தின் தலைவரைத்தான் ஜப்பானில் 'ஷிச்சோ' என்பார்கள், நாம் மேயர் என்பது அவரைத்தான். கிராமத்தின் தலைவர் 'சொன்ச்சோ'. ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடும். ஆனால் சட்டப்படி இருவருக்கும் அடிப்படை அதிகாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் இதில் பெரிய குற்றம் இல்லை.

அந்தக் கரையில் 1896இல் வந்த சுனாமியில் சுமார் 22,000 பேர் செத்தார்கள். 1933இல் மறுபடி வந்தது. அப்போது சுமார் 3,000 பேர். இரண்டிலுமே ஃபுடாயில் சாவு விழுந்தது. 1933இல் வாமுராவுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. மண்ணைத் தோண்டிப் பிணங்களை எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாகவும், பேச வார்த்தை வரவில்லை என்றும் பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படி எழுதிய நினைவுக் குறிப்பின் தலைப்பைத் தமிழில் 'வறுமையோடு நாற்பதாண்டுப் போராட்டம்' என்று சொல்லலாம். கவனியுங்கள், தலைப்பில் சுனாமி இல்லை, வறுமை இருக்கிறது. ஃபார்வர்டு கதைகள் அவரை ஏதோ சுவர்ப் பைத்தியம் பிடித்த தீர்க்கதரிசி மாதிரி காட்டுகின்றன. அவர் தன்னைப் பார்த்துக்கொண்டது ஓர் ஏழைக் கிராமத்தின் தலைவராகத்தான். அந்த வேலையில் சுவரும் ஒன்று.

சரி, அதிகாரத்துக்கு வருவோம். போருக்கு முன்னால் ஜப்பானில் கிராமத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கிராம மன்றம்தான் தேர்ந்தெடுத்தது. மாகாண ஆளுநரை டோக்கியோவில் இருந்த உள்துறை அமைச்சகம் அனுப்பி வைக்கும். 1947இல் புது அரசியல் சட்டமும் உள்ளாட்சித் தன்னாட்சிச் சட்டமும் ஒரே நாளில், மே 3ஆம் தேதி, நடைமுறைக்கு வந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரலில், ஆளுநர் முதல் கிராமத் தலைவர் வரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி நேரடி ஓட்டில் வந்த முதல் தலைமுறைத் தலைவர்களில் ஒருவர் வாமுரா. பதவிக்காலம் நாலு வருடம். எத்தனை முறை நிற்கலாம் என்பதற்கு நாட்டுச் சட்டத்தில் வரம்பே இல்லை. 25 வயதானால் போதும், அந்த ஊரில் குடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மன்ற உறுப்பினருக்குத்தான் குடியிருப்பு விதி.

இந்த விசித்திர விதியால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம்: ஹொக்காய்டோவில் யூபாரி என்ற நகரம். டோக்கியோ மாநகர அரசில் ஊழியராக இருந்த நவோமிச்சி சுசுகி என்ற இளைஞரை அங்கே உதவிக்கு அனுப்பினார்கள். கடைசியில் வேலையை விட்டுவிட்டு 2011இல் தன் 30ஆவது வயதில் அதே ஊருக்கு மேயரானார். 2019இல் ஹொக்காய்டோ ஆளுநர். ஜப்பானில் உள்ளூர்த் தலைவராவதற்குப் பல பாதைகள் உண்டு. நகராட்சி அலுவலகத்திலேயே வேலை பார்த்து, துணைத் தலைவராகி, அப்புறம் தலைவராவது ஒன்று. மாகாண மன்றத்திலிருந்து இறங்கி வருவது ஒன்று. மத்திய அமைச்சக அதிகாரிகள் வருவது இன்னொன்று. கட்சிக்காரர்களாக இருந்தாலும் பெரும்பாலோர் சுயேச்சை என்றுதான் நிற்பார்கள். சின்னக் கிராமங்களில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் போட்டியின்றி வருவதும் சாதாரணம்.

ஜெயித்து வந்துவிட்டால் கையில் என்ன இருக்கும்? நிறையவே. பட்ஜெட்டைத் தயாரித்து மன்றத்தின் முன் வைக்கும் உரிமை தலைவருக்கு மட்டும்தான். மன்றம் அதை ஏற்கலாம், திருத்தலாம், நிராகரிக்கலாம். தானாக ஒரு பட்ஜெட் கொண்டுவர முடியாது. மன்றத்தின் தீர்மானம் பிடிக்காவிட்டால் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். தலைவரைக் கவிழ்ப்பதும் லேசில்லை. மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் வந்திருக்க, வந்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் நம்பிக்கையில்லை என்று ஓட்டுப் போட வேண்டும். அப்படிப் போட்டால்கூட, பத்து நாளுக்குள் அவர் மன்றத்தையே கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போகலாம். மக்கள் திரும்ப அழைக்க வேண்டுமென்றால், சின்ன ஊர்களில், வாக்காளர்களில் மூன்றில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, பிறகு ஓட்டெடுப்பில் பாதிக்கு மேல் பெற வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஜப்பானியக் கிராமத் தலைவர் தன் எல்லைக்குள் ஒரு குட்டி ஜனாதிபதி.

ஆனால் பணம் வேறு கதை. ஜப்பானில் 'மூன்று பங்குத் தன்னாட்சி' என்று ஒரு கேலிச் சொல் உண்டு. செலவில் பத்தில் மூன்று பங்குதான் சொந்த வரியில் வரும், மிச்சத்துக்கு மேலே பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஏழைக் கிராமத்தில் அந்த மூன்றும் வராது. அதைவிட முக்கியமான விஷயம் சட்டம். 1956இல் வந்த கடற்கரைச் சட்டப்படி கடற்கரையை நிர்வகிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மாகாண ஆளுநருடையது. 1964இன் ஆற்றுச் சட்டம் நடுத்தர ஆறுகளையும் மாகாணத்திடம் கொடுத்தது. ஆக, ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கதவு போடுவது கிராமத் தலைவர் கையெழுத்துப் போட்டு முடிக்கிற காரியமே இல்லை. அவரால் கேட்க முடியும், அவ்வளவுதான். வருடா வருடம் பட்ஜெட் சமயத்தில் மனுவைத் தூக்கிக்கொண்டு மாகாணத் தலைநகர் மொரியோகாவுக்கும் டோக்கியோவுக்கும் நடையாய் நடப்பது ஜப்பானிய உள்ளூர்த் தலைவர்களின் வேலையில் பாதி. அதற்கென்றே 'ச்சின்ஜோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அலுவலக வராந்தாவில் காத்திருந்து பழகியவர்களுக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

ஃபுடாயில் உண்மையில் இரண்டு கட்டுமானங்கள். பெரும்பாலான ஃபார்வர்டுகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. முதலாவது, ஓத்தானாபே என்ற மீனவர் குடியிருப்புக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவர். நீளம் 155 மீட்டர், உயரம் 15.5 மீட்டர். 1967இல் முடிந்தது. அப்போதே வாமுரா பதவிக்கு வந்து இருபது வருடம். 1960இல் சிலியில் நடந்த நிலநடுக்கத்தின் அலை பசிபிக்கைத் தாண்டி வந்து ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் சுவர் கட்டுவதற்கு டோக்கியோவிலிருந்து பணம் தாராளமாக வந்தது. ஆனால் அந்த அலையின் உயரத்தையே கணக்காக வைத்துப் பல இடங்களில் சுவரை எழுப்பினார்கள். அது 1896இன் உயரத்தில் பாதிகூட வராது. வாமுரா பிடிவாதம் பிடித்தது இந்த இடத்தில்தான். 1896இல் அலை பதினைந்து மீட்டர் வந்தது என்பது ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவந்த பேச்சு. அவர் அந்தப் பதினைந்திலிருந்து இறங்கி வரவே இல்லை.

இரண்டாவது, ஃபுடாய் ஆற்றின் குறுக்கே, கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உள்ளே இருக்கும் மதகு. நீளம் 205 மீட்டர், உயரம் அதே 15.5. ஐந்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான், தொழில்புத்தி அப்படி. ஒருமுறை அங்கே போய் நின்றிருக்கிறேன். ஆறு என்னவோ நம் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது, அதன் மேல் இப்படி ஒரு காங்கிரீட் மலை. முதலில் பார்ப்பவனுக்குச் சிரிப்பு வந்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆறு இருக்கிற இடத்தில் சுவர் போட முடியாது, தண்ணீர் கடலுக்குப் போக வேண்டும், மீன் மேலே ஏற வேண்டும். எனவே எந்நாளும் திறந்திருந்து, நிலம் நடுங்கிய நிமிடத்தில் மூடிக்கொள்கிற ஷட்டர்தான் வழி. அலை எப்போதும் ஆற்றின் வழியாகத்தான் ஊருக்குள் முதலில் ஏறும். அந்த வாயை அடைக்காமல் இரண்டு பக்கமும் எவ்வளவு உயரச் சுவர் கட்டினாலும் வீண்.

வேலை 1972இல் தொடங்கி 1984இல் முடிந்தது. செலவு 356 கோடி யென். மூவாயிரம் பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தலைக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு லட்சம் யென். இதை ஊர்ப் பணம் என்று சொன்னால் எப்படி நம்புவது? பணம் போட்டது மாகாணமும் மத்திய அரசும். அன்றைய ஜப்பானில் பொதுப்பணிக் கட்டுமானம் என்பதே பொருளாதாரக் கொள்கையாக இருந்தது, கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் நான் கணக்கில் எடுத்துக்கொள்வது வேறு எண்ணை. பன்னிரண்டு வருடக் கட்டுமானம் என்றால் மூன்று பதவிக்காலம். பாதி கட்டிய காங்கிரீட் எல்லார் கண்ணிலும் உறுத்திக்கொண்டு நிற்கும்போதே அவர் மறுபடி மறுபடி ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. போனார், வந்தார். ஃபார்வர்டில் வரும் 'ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது' என்ற வரியை நான் சந்தேகப்படுவது இதனால்தான். ஊரே சிரித்த ஆள் பத்து முறை ஜெயிக்க மாட்டார்.

எதிர்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. மன்றத்தில் முதலில் தயங்கினார்கள். நிலம் கொடுக்க வேண்டியவர்கள் முரண்டு பிடித்தார்கள். ஆனால் பின்னாளில் கிராம அலுவலர்களே விளக்கியபடி, மதகு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, இவ்வளவு பெரிசு எதற்கு என்றுதான் கேட்டார்கள். 2011இல் தலைவராக இருந்தவரே, இவ்வளவு பெரிசு தேவையா என்று தானும் அந்தக் காலத்தில் யோசித்ததை ஒப்புக்கொண்டார். 1987இல் ஓய்வு பெறும்போது வாமுரா ஊழியர்களிடம், எதிர்ப்பு வந்தாலும் ஆரம்பித்ததை முடித்துவிடுங்கள், கடைசியில் ஜனங்களுக்குப் புரியும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அது பரிகாசத்தில் நொந்துபோன மனிதனின் பேச்சு இல்லை, பேரம் பேசிப் பழகிய ஆளின் பேச்சு.

2011 மார்ச் 11, சுனாமி வந்த நாள். மதகு இருந்த இடத்தில் அலை இருபது மீட்டர் அளவுக்கு எழுந்தது. அதாவது 15.5 போதவில்லை, தண்ணீர் மேலே ஏறித் தாண்டியது. கதையில் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள், ஆனால் விஷயமே இங்கேதான். தாண்டிய தண்ணீர் வேகம் செத்து, மேலே கொஞ்ச தூரம் போய், பள்ளிக்கூடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. ஓத்தானாபே சுவரை அலை தாண்டவே இல்லை. சுவருக்கு வெளியே இருந்த துறைமுகமும் படகுகளும் போயின. ஊரில் ஒருவர் மட்டும் காணாமல் போனார், நிலநடுக்கம் முடிந்ததும் தன் படகைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனவர். இன்னொன்று, என் தொழிலைச் சேர்ந்தது: பெரிய ஷட்டர்கள் பட்டனைத் தட்டியதும் இறங்கிவிட்டன. பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவு சிக்கிக்கொண்டது. ஒரு தீயணைப்பு வீரர் கீழே ஓடிப்போய்க் கையால் மூடினார். எத்தனை கோடி போட்டாலும் ஷட்டர் என்றால் ஒரு நாள் மக்கர் பண்ணும், அன்றைக்கு ஓடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். இதை எந்தப் பாசன உதவியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

இனி, சந்தேகமான பகுதி. ஊர் பிழைத்ததற்கு வாமுராவின் பிடிவாதம் எவ்வளவு காரணம், நிலத்தின் அமைப்பு எவ்வளவு காரணம்? பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டு மலைக்கு நடுவே வெறும் 205 மீட்டர் இடைவெளி என்பதால்தான் அந்த உயரத்துக்குக் கட்ட முடிந்தது. அதே மாகாணத்தில் ரிக்குசென்தகாத்தா போன்ற அகலமான சமவெளியில் எந்தத் தலைவர் தலைகீழாக நின்றாலும் இது நடந்திருக்காது. தெற்கே தாரோ என்ற ஊர் இருக்கிறது. 1933இல் அங்கே தொள்ளாயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். மேட்டு நிலத்துக்குப் போய்விடுங்கள் என்று அரசு சொன்னது. ஊர் முழுவதும் குடியேற அங்கே இடம் இல்லை. கிராமத் தலைவர் மாட்சுதாரோ செகிகுச்சி 1934இல் கடன் வாங்கிச் சுவர் வேலையை ஆரம்பித்தார். ஊர்ப் பணத்தில் சுவர் என்ற வாட்ஸ்ஆப் வரி உண்மையில் இவருக்குத்தான் பொருந்தும். பிறகு அரசுப் பணம் வந்தது, போரில் வேலை நின்றது, 1958இல் முதல் சுவர் முடிந்தது. பத்து மீட்டர் உயரம், பின்னால் சேர்த்தவற்றோடு மொத்தம் 2.4 கிலோமீட்டர். ஜப்பான் முழுக்கப் பெருமையாகக் காட்டிய சுவர் அது. 2011இல் அலை அதைத் தாண்டி வந்து கிட்டத்தட்ட இருநூறு பேரைக் கொண்டுபோனது. செகிகுச்சியிடம் வாமுராவை விடத் துணிச்சல் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. அவரைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை, அவ்வளவுதான்.

அதேபோல், நீண்டகாலத் தலைவர் பெரிய செலவு செய்தால் நல்லது நடக்கும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன யூபாரியில் தெட்சுஜி நக்காதா என்பவர் 1979 முதல் 2003 வரை ஆறு முறை மேயர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக்கொண்டு வந்தபோது ஊரைக் காப்பாற்றச் சுற்றுலாப் பூங்கா, பனிச்சறுக்கு, ஓட்டல் என்று கட்டினார். அவருக்கும் அதே சட்டம், அதே பட்ஜெட் உரிமை, அதே மாதிரி ஆதரவு. 2007இல் நகரம் சுமார் 353 கோடி... இல்லை, அதற்குப் பத்து மடங்கு, 3,530 கோடி யென் பற்றாக்குறையோடு நிதி மறுசீரமைப்புக்குள் போய், பள்ளிகளை ஒன்றாக்கி, ஊழியர்களைப் பாதியாக்கி, வருடக்கணக்கில் அடைக்க வேண்டியிருந்தது. (ஜப்பானியக் கணக்கில் நூறு மில்லியன்தான் ஓர் அலகு, நம் கோடிக்கு மாற்றும்போது நான் எப்போதும் ஒரு தடவை தடுக்கி விழுவேன்.) ஒரே ஆள் நாற்பது வருடம் இருப்பது நல்ல ஏற்பாடு என்று நான் வாதாட மாட்டேன். ஃபுடாயில் அது சரியாக அமைந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு நேராக: முடியும், ஆனால் இஷ்டத்துக்கு முடியாது. ஒருமுறை பதவிக்கு வந்த மனிதன் அந்த மதகைக் கட்டியிருக்க முடியாது, நாலு வருடத்தில் மனுகூட மேஜை மாறியிருக்காது. உங்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பியவரிடம் 'ஊர்ப் பணம்' என்ற இடத்தையும் 'ஊரே சிரித்தது' என்ற இடத்தையும் திருத்தி, அலை மதகைத் தாண்டியதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே ஷட்டரை மூட ஓடிய அந்தத் தீயணைப்பு வீரரையும் ஒரு வரி சேர்த்தால் எனக்குச் சந்தோஷம்.